ஏழரை குதிரை

காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சிட்டு சென்னையில உட்கார்ந்து பொட்டி தட்டுற லட்சக்கணக்கான ஜீவன்கள்ல அடியேனும் ஒருத்தன். நாலு வருஷம் படிச்சதுல இன்னைக்கு வரைக்கும் உருப்படியா பயன்பட்டது ரெண்டே ரெண்டு ஃபார்முலாதான். அந்த ரெண்டும் எனக்கு எந்த இடத்துல ஞாபகத்துக்கு வந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், டீ ஏதாவது எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்கு சொந்த ஊர் ராசிபுரத்துக்கு பக்கத்துல ஒரு கிராமம். நான் முதல்முதல்ல ஓட்டின வண்டி பெரியப்பாவோட டிவிஎஸ் எக்ஸெல் சூப்பர். 70 சிசி, டூ ஸ்ட்ரோக், கியரே கிடையாது. எட்டாவது படிக்கிறப்ப களத்துமேட்டுல ஓட்டக் கத்துக்கிட்டேன் (லைசென்ஸா? அதெல்லாம் கேக்கப்படாது, தப்புதான்). முன்னாடி ரெண்டு காலுக்கு நடுவுல மாட்டுத் தீவன மூட்டை, பின்னாடி தம்பி, ஹேண்டில்ல தூக்குப்போசி. அந்த வண்டி முக்கி முனகி 40ஐ தொட்டாலே ஜெட்டுல போற மாதிரி இருக்கும். சும்மா இல்ல, அதோட வம்சம் அப்படி. 1980ல ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50தான் நம்ம நாட்டுல ரெண்டு பேர் உட்கார்ந்து போற மாதிரி வந்த முதல் மொபெட். அதோட பேரன் எக்ஸெல் 100 இன்னைக்கும் எங்க ஊர்ல தேங்காயில இருந்து எல்பிஜி சிலிண்டர் வரைக்கும் சுமந்துக்கிட்டு இருக்கு.

அப்பா வண்டி ஸ்ப்ளெண்டர். 2003ல வாங்கினது. அப்ப எனக்கு ஆறு வயசு. மாலை போட்டு, நாலு டயருக்கும்.. சாரி ரெண்டு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, டேங்க் மேல என்னை உட்கார வச்சு ஊரை ஒரு ரவுண்டு வந்தார். அதுல இருந்து அப்பாவோட மளிகைக் கடைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் வந்து சேர்றது அது முதுகுலதான். 97.2 சிசி. ஏறக்குறைய ஏழரை குதிரைசக்தி. "ஏழரைன்னாலே நமக்கு சனிதான் ஞாபகம் வரும், இது ஒண்ணுதான் நம்மள காப்பாத்துற ஏழரை"ன்னு அப்பா அடிக்கடி சொல்லுவார். அவர் அடிக்கிற ஒரே ஜோக் அதுதான், இருபது வருஷமா அதையேதான் அடிக்கிறார்.

சரி, கொசுவத்தியை அணைச்சிட்டு மேட்டருக்கு வருவோம்.

2023 மார்ச்ல எனக்கு அப்ரைசல் நல்லா வந்துச்சு. எங்க டேமேஜர் என்ன நினைச்சாரோ தெரியல, கேட்டதை விட ரெண்டு பர்சென்ட் கூடப் போட்டுக் குடுத்தார். கையில காசு வந்தா நமக்கு நாமே சூனியம் வச்சிக்கறதுதானே வழக்கம். ஒரு 650 சிசி பைக் வாங்கினேன். கம்பெனி பேர் வேணாம், ஏன்னா அந்த வண்டி மேல எந்தத் தப்பும் இல்ல. அருமையான வண்டி. தப்பெல்லாம் மேல உட்கார்ந்திருந்தவன் மேல. நாப்பத்தி சொச்சம் குதிரை, 200 கிலோவுக்கு மேல எடை, ஆறு கியர், மூணு வருஷ இஎம்ஐ.

ஊருக்கு முதல் தடவை எடுத்துட்டுப் போனப்ப தெருவே வந்து சுத்தி நின்னுச்சு. அப்பா கடையில இருந்து துண்டால கையைத் தொடச்சிக்கிட்டே வந்து வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது"ன்னார். அப்புறம் நான் பயந்துட்டு இருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"25 குடுக்கும்ப்பா."

அப்பா ஒண்ணும் சொல்லல. கடைக்குள்ள போயிட்டார். அன்னைக்கு சாயந்திரம் அம்மாகிட்ட, "காருக்கே அவ்ளோ குடுக்குமாமே"ன்னு சொல்லிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு.

வண்டி வாங்கின புதுசுல ஞாயித்துக்கிழமை ஆனா விடிகாலை அஞ்சு மணிக்கு ஈசிஆர்ல ஆஜர். பத்துப் பன்னெண்டு பேர், எல்லாரும் பொட்டி தட்டுறவங்கதான். விண்வெளிக்குப் போற மாதிரி ஜாக்கெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு மாமல்லபுரம் வரைக்கும் போய் ரெண்டு இட்லி ஒரு வடை தின்னுட்டு திரும்பி வருவோம். இட்லிக்கு அம்பது ரூபா, பெட்ரோலுக்கு ஐநூறு ரூபா. தப்பு சொல்லல, நல்ல நட்பெல்லாம் கிடைச்சது அங்கதான்.

ஆனா மனசுக்குள்ள ஒரு சின்ன உறுத்தல் இருந்துக்கிட்டே இருந்துச்சு. வெளிய சொல்ல முடியாத உறுத்தல். இஎம்ஐ கட்டுற வண்டி போரடிக்குதுன்னு யார்கிட்ட போய் சொல்றது?

விஷயம் என்னன்னா, இந்த வண்டியில 80ல போனா தூக்கம் வரும். இன்ஜின் சும்மா "ம்ம்ம்"னு மாடு அசை போடற மாதிரி இருக்கும். 80ங்கற உணர்வே வராது. 110 தாண்டினாத்தான் ஏதோ ஓட்டுறோம்னே தோணும். 2018ல மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி நாலு வழிச்சாலையில கூட டூவீலருக்கு 80தான் லிமிட். ஊருக்குள்ள 60. என் வண்டி ரெண்டாவது கியர்லயே 80ஐத் தாண்டிடும். அப்ப மீதி நாலு கியருக்கும் நான் எதுக்கு இஎம்ஐ கட்டிட்டு இருக்கேன்? ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினது அந்த ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை. மொத்தம் ரெண்டு செகண்ட். அப்புறம் பயத்துல மூடிட்டேன்.

பாதியை எப்பவுமே திறக்காத வீட்டுக்கு வாடகை கட்டுற மாதிரின்னு வச்சிக்கோங்களேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட்ல கொல்லிமலைக்கு போனேன். எங்க ஊர்ல இருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி. அங்கதான் மலையடிவாரம். அங்க இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வச்சிருப்பாங்க. பைக் ஓட்டுறவங்களுக்கு இது கோயில் மாதிரி. ஆனா எனக்கு அன்னைக்கு அது பரீட்சை மாதிரி இருந்துச்சு. வளைவுல முதல் கியர்ல போனா வண்டி வெடுக் வெடுக்குன்னு இழுக்குது. ரெண்டாவதுல போனா வேகம் பத்தாம திணறுது. கொண்டை ஊசின்னா நிஜமாவே கொண்டை ஊசி, அந்த வண்டி அதுல திரும்பறதுக்குள்ள எதிர்த்த பக்கத்து ரோட்டையும் சேர்த்துக் கேக்குது. 38ஆவது வளைவுல மேல இருந்து பஸ் வந்துச்சு. நின்னேன். காலை ஊன்ன இடத்துல ரோடு கொஞ்சம் பள்ளம். ஒரு பக்கமா சாய ஆரம்பிச்ச 200 கிலோவை நிறுத்த என்னால முடியல. மெதுவா, ரொம்ப மரியாதையா, வண்டியைக் கீழ படுக்க வச்சேன். வேகம் என்ன தெரியுமா? சைபர்.

பலாப்பழம் வித்துட்டு இருந்த ரெண்டு பேர் ஓடி வந்து தூக்கி விட்டாங்க. "வண்டி என்ன கனம் கனக்குதுங்க"ன்னு ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு சொன்னார். ஹேண்டில் முனை தேய்ஞ்சது, இண்டிகேட்டர் உடைஞ்சது. அதை விட, மேல போய்ச் சேர்ற வரைக்கும் மலையில ஒரு மரத்தைக் கூட நான் பார்க்கல. அடுத்த வளைவு, அடுத்த வளைவுன்னு அதையே பயந்துக்கிட்டு போனேன். 70 வளைவும் முடிஞ்சப்ப வந்தது சந்தோஷம் இல்ல, "அப்பாடா".

இதெல்லாம் கூடப் பரவால்ல. சிரிச்சிட்டுப் போயிடலாம். சிரிக்க முடியாத ஒண்ணு 2024 ஜூன்ல நடந்துச்சு.

ஒரு சனிக்கிழமை. விடிகாலை நாலு மணிக்கு சென்னையில கிளம்பி ஊருக்குப் போயிட்டு இருந்தேன். உளுந்தூர்பேட்டையில திரும்பி சேலம் ரோடு. கள்ளக்குறிச்சி தாண்டியாச்சு, சின்னசேலம் பக்கம். மணி ஏழு இருக்கும். நல்ல வெளிச்சம், காலி ரோடு, காய்ஞ்ச ரோடு. மீட்டர்ல 115. சத்தியமா சொல்றேன், வேகமா போறேன்னே தோணல. அடுத்து எங்க டீ குடிக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

இடது பக்கம் ஒரு கிராமத்து ரோடு வந்து சேர்ற இடம். நடு மீடியன்ல இடைவெளி விட்டிருப்பாங்கள்ல, அந்த மாதிரி. அங்க ஒருத்தர் நின்னு என் பக்கம் பார்த்தார். பார்த்தது எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பார்த்துட்டுத்தான் ரோட்டுல இறங்கினார். கருப்பு ஸ்ப்ளெண்டர். ரெண்டு பக்கமும் பால் கேன்.

அதுக்கப்புறம் நடந்ததை வரிசையா சொல்ல வரல. பிரேக் அடிச்சேன். ஏபிஎஸ் கால்ல தடதடன்னு அடிச்சுது. அவர் பாதி ரோட்டுல என்னைப் பார்த்து அப்படியே உறைஞ்சு நின்னுட்டார். அவருக்குப் பின்னாடி, இடது பக்கமா வண்டியை விட்டேன். பால் கேனுக்கும் என் ஹேண்டிலுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். ரொம்ப தூரம் தள்ளிப்போய்த்தான் வண்டி நின்னுச்சு. ஸ்டாண்டு போடக் கால் ஒத்துழைக்கல.

திட்டு விழும்னு காத்திருந்தேன். விழணும்னு கூட இருந்துச்சு. அவர் வண்டியை ஓரங்கட்டிட்டு நடந்து வந்தார். அம்பத்தஞ்சு அறுபது வயசு இருக்கும். அவருக்கும் கை நடுங்கிட்டு இருந்துச்சு. திட்டல. நிஜமாவே புரியாம, என்கிட்ட கேட்டார்:

"ஏந்தம்பி.. நான் பாக்கறப்ப தூரத்துலதானே வந்தீங்க? அதுக்குள்ள எப்படி வந்தீங்க?"

பதில் சொல்ல வாய் வரல. "தப்பு என்னுதுங்க"ன்னு மட்டும் சொன்னேன். "பாத்துப் போங்க சாமி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் போன அப்புறமும் அந்த மைல்கல் மேல உட்கார்ந்திருந்தேன். அப்பத்தான் அந்த ஃபார்முலா ரெண்டும் ஞாபகத்துக்கு வந்துச்சு.

ஒண்ணு, தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம். அவர் என்னைப் பார்த்தப்ப நான் ஒரு 150 மீட்டர்ல இருந்திருப்பேன்னு வைங்க. நான் 60ல வந்திருந்தா அவர்கிட்ட வந்து சேர 9 செகண்ட். நிதானமா தாண்டிப் போயிருப்பார். 115ல வந்தா 4.7 செகண்ட். பால் கேனோட ஒரு ஸ்ப்ளெண்டர் நின்ன இடத்துல இருந்து கிளம்பி ரெண்டு லேனைத் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகும். அவர் போட்ட கணக்கு தப்பில்ல. நாப்பது வருஷமா பஸ்ஸையும் லாரியையும் பார்த்துப் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்குக்குள்ள அடங்காத வேகத்துல வந்தது நான்.

ரெண்டாவது, வேகத்தோட வர்க்கம். பிரேக்கைத் தொடறதுக்கு ஒரு செகண்ட் ஆகும்னு வச்சு, காய்ஞ்ச ரோட்டுல நல்ல பிரேக்குக்கு (0.7 ஜி) கணக்குப் போட்டா, 60ல இருந்து நிக்க மொத்தம் சுமார் 37 மீட்டர். 115ல இருந்து நிக்க சுமார் 106 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு கூட ஆகல, தூரம் மூணு மடங்கு கிட்ட ஆயிடுச்சு. பரீட்சையில இதுக்கு அஞ்சு மார்க். ரோட்டுல இதுக்கு ஒரு ஆள்.

வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப அப்பாகிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். எங்க அப்பாவும் வாரத்துல நாலு நாள் சரக்கு எடுக்க சேலம்-நாமக்கல் பைபாஸைத் தாண்டித்தான் போகணும்.

"ஏப்பா, பைபாஸ் தாண்டறப்ப எப்படிப் பார்த்து தாண்டுவீங்க?"

"என்னத்த எப்படி? தூரத்துல வந்தா போயிடுவேன். கிட்ட வந்தா நிப்பேன். லாரிக்காரன், பஸ்ஸுக்காரன் எல்லாம் நமக்குக் கணக்கு தெரியும்." கொஞ்ச நேரம் விசிறிக்கிட்டே இருந்துட்டு, "இந்த பெரிய பைக்குப் பசங்கதான் கணக்குல வர்றதில்ல"ன்னார்.

என்னை வச்சு சொல்லல. பொதுவாத்தான் சொன்னார். ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. சின்னசேலத்துல ரோட்டு நடுவுல உறைஞ்சு நின்ன அந்த மனுஷன் மூஞ்சியில கண்ணை மூடினா அப்பா மூஞ்சி வருது.

அடுத்த நாள் ஞாயிறு. பெரிய வண்டியைத் தொடவே மனசு வரல. வீட்லயும் உட்கார முடியல. அப்பாகிட்ட ஸ்ப்ளெண்டர் சாவியைக் கேட்டேன். "எங்க போற?" "சும்மா கொல்லிமலை வரைக்கும்." "சோக்கை எடுத்து விட்டு கிக்கர் அடி. ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்கு மாத்தறப்ப நல்லா அமுக்கு, இல்லன்னா விழாது"ன்னு சொல்லி சாவியைக் குடுத்தார்.

முதல் அஞ்சு கிலோமீட்டர் காமெடி. ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி அமுக்கறது. என் வண்டியில ஒண்ணு கீழ, மீதி அஞ்சும் மேல. பழக்கதோஷத்துல கியர் ஏத்தறேன்னு இறக்கி, இறக்கறேன்னு ஏத்தி, ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள வண்டி ரெண்டு தடவை தும்மி நின்னுச்சு. கோழி தீவனம் ஏத்திட்டுப் போன எக்ஸெல்காரர் ஒருத்தர் என்னை ஓவர்டேக் பண்ணிட்டு திரும்பிப் பார்த்து சிரிச்சார். அவ்வ்வ்வ்.

ஆனா காரவள்ளி தாண்டி முதல் வளைவு வந்தப்ப கதையே மாறிடுச்சு.

ஏழரை குதிரையை வச்சிக்கிட்டு மலை ஏறணும்னா, இருக்கற ஏழரையும் வேணும். மூணாவது கியர்ல ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கணும். முழுசான்னா முழுசா, அதுக்கு மேல முறுக்க இடமில்லாத அளவுக்கு. வண்டி கத்துது. வளைவு வருது. இங்க பிரேக் அடிச்சா போச்சு, விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்க அடுத்த வளைவு வரைக்கும் ஆகும். அதனால முன்கூட்டியே பார்த்து, மேல இருந்து ஏதும் வரலன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ரெண்டாவதுக்கு இறக்கி, வேகத்தைக் கொட்டிடாம தளும்பத் தளும்ப எடுத்துட்டுப் போற தண்ணிக்குடம் மாதிரி வளைவுக்குள்ள கொண்டு போகணும். வண்டி 110 கிலோ, டயர் மெல்லிசு. கையால திருப்ப வேண்டியதே இல்ல, கண்ணு எங்க பார்க்குதோ அங்க திரும்புது. வெளிய வந்ததும் மறுபடி முழு முறுக்கு. பத்தாவது வளைவுலதான் கவனிச்சேன், நான் ஹெல்மெட்டுக்குள்ள சத்தமா சிரிச்சிட்டு இருந்தேன்.

மீட்டரைப் பார்த்தேன். 35.

முப்பத்தஞ்சுங்க! ஈசிஆர்ல 110ல வராத சந்தோஷம் இங்க 35ல வருது. கொஞ்சம் தப்பு பண்ணினாலும் திருத்திக்க நேரம் இருக்கு. எதிர்ல ஒருத்தர் வந்தா நிக்க இடம் இருக்கு. ஒரு பக்கம் ரேஸ் ஓட்டுற மாதிரி இருக்கு, இன்னொரு பக்கம் சைக்கிள்ல போறவர் கூட "பொறுமையா போறான்"னுதான் சொல்லுவார்.

52ஆவது வளைவுல ஒரு பெரியவர் கையைக் காட்டினார். தோள்ல ஒரு பலாப்பழம். "தம்பி, செம்மேடு வரைக்கும்ங்க"ன்னார். யோசிச்சுப் பார்த்தேன், பெரிய வண்டி வச்சிருந்த காலத்துல ஒருத்தர் கூட என்கிட்ட லிஃப்ட் கேட்டதில்ல. செல்ஃபி எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க, விலை கேட்டிருக்காங்க, "ஏறிக்கவா"ன்னு கேட்டதில்ல. ஏத்திக்கிட்டேன். அவர், நான், நடுவுல பலாப்பழம். முதல் கியர், ரெண்டாவது கியர்னு மாறி மாறி வண்டி முக்கிக்கிட்டு ஏறுச்சு. சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டிருந்த மிளகுக் கொடியைக் காட்டி இந்த வருஷம் விளைச்சல், விலை எல்லாம் சொல்லிட்டே வந்தார். செம்மேட்டுல வல்வில் ஓரி சிலைகிட்ட இறங்கி, "வண்டி நல்லா இழுக்குதுங்க"ன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டு, வேணாம் வேணாம்னு சொல்ல எட்டுப் பத்து மிளகை என் பாக்கெட்ல போட்டுட்டுப் போனார்.

அன்னைக்குத்தான் கொல்லிமலையை நான் முதல் தடவையா பார்த்தேன்.

ஏன் இப்படின்னு இறங்கி வர்றப்ப யோசிச்சிட்டே வந்தேன். எனக்குத் தோணினது இதுதான். வண்டியில வர்ற சந்தோஷம் வேகத்துல இல்ல, வண்டியோட எல்லையில இருக்கு. வண்டியால முடிஞ்சதை எல்லாம் நாம வாங்கறப்ப, நம்மால முடிஞ்சதை எல்லாம் வண்டி கேக்கறப்ப வர்றது அது. சின்ன வண்டிக்கு அந்த எல்லை 35ல, 50ல, 60ல இருக்கு. அதாவது நம்ம ரோட்டுக்குள்ள, நம்ம ஊருக்குள்ள, அந்தப் பால்காரரோட கணக்குக்குள்ள இருக்கு. பெரிய வண்டிக்கு எல்லை 150க்கு மேல எங்கேயோ இருக்கு. அங்க போகணும்னா அது ரேஸ் டிராக்கா இருக்கணும். ரோட்டுல அதைத் தேடினா, தேடற செலவை நாம குடுக்கறதில்ல, குறுக்க வர்ற எவரோ குடுக்கறார்.

பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 64 ஜிபி ராம் இருக்கற சர்வர்ல எப்படி எழுதினாலும் புரோகிராம் ஓடும். ரெண்டு கேபி மெமரி இருக்கற சின்ன சிப்புல ஓட வச்சுப் பாருங்க, ஒவ்வொரு பைட்டுக்கும் யோசிப்பீங்க. ஓடினதும் வர்ற சந்தோஷமே தனி.

இது எனக்கு மட்டும் தோணின ஞானோதயம் இல்ல. 1985ல வந்து 1996ல நின்னு போன ஆர்எக்ஸ் 100ஐ இன்னைக்கும் ஜனங்க தேடித் தேடி வாங்கறாங்களே, அது வெறும் 98 சிசி, 11 குதிரை. ஜப்பான்ல ஹோண்டா 1958ல 50 சிசியில ஆரம்பிச்ச சூப்பர் கப், 2017ல பத்து கோடியைத் தாண்டிடுச்சு. மோட்டார் வச்ச வண்டிகள்லயே அவ்வளவு வித்தது வேற கிடையாது. உலகத்தை சுமக்கறது சின்ன வண்டிங்கதான்.

ஒரேயடியா ஒரு பக்கமா பேசக் கூடாது. சின்ன வண்டின்னா பாதுகாப்புன்னு நான் சொல்லவே இல்ல. அன்னைக்கு சின்னசேலத்துல ரெண்டு பேர் உயிரைக் காப்பாத்தினதுல என் வண்டியோட ஏபிஎஸ்ஸுக்கும் பங்கு இருக்கு. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம்னு 2019ல முழுசா நடைமுறைக்கு வந்தது நல்ல விஷயம். அப்பா வண்டியில ரெண்டும் டிரம் பிரேக். மலை இறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே இன்ஜினைப் பிடிச்சு நிறுத்தி நிறுத்தி இறங்கினேன், அப்பவும் பிரேக்ல கருகின வாசனை வந்துச்சு. ஹைவேல பஸ் தாண்டிப் போறப்ப காத்து நம்மள ஒரு அடி தள்ளும். ஏத்தத்துல லாரியை ஓவர்டேக் பண்ணலாம்னு நினைச்சாலே பாவம். பெரிய வண்டியை அளவா, பொறுப்பா ஓட்டுறவங்க நிறைய பேர் எனக்கே தெரியும். நான் அந்த ஆள் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான். 115ல டீக்கடை யோசிக்கிறவன் கையில அந்த வண்டி இருக்கக் கூடாது.

முடிவு பண்ண எட்டு மாசம் ஆச்சு. கௌரவம்னு ஒண்ணு இருக்கே! 2025 பிப்ரவரியில வித்தேன். நஷ்டம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அம்மாவுக்கே இன்னும் சொல்லல. முதல்ல அப்பாகிட்ட, "உங்களுக்குப் புதுசா ஒரு வண்டி வாங்கித் தர்றேன், ஸ்ப்ளெண்டரை எனக்குக் குடுங்க"ன்னு பேரம் பேசிப் பார்த்தேன். "உனக்கு வேணும்னா உன் காசுல ஒண்ணு வாங்கிக்க, என் வண்டியை எதுக்குக் கேக்குற?"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு 125 வாங்கினேன். வாங்கி ஏழு மாசத்துல, செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு. கொஞ்சம் பொறுத்திருந்தா புதுசே வாங்கியிருக்கலாம். நம்ம ராசி அப்படி.

ஞாயித்துக்கிழமை நண்பர்கள் இன்னும் கூப்பிடறாங்க. போறேன். எனக்கு முன்னாடியே போய் அவங்க இட்லி சாப்பிட்டு முடிச்சிடறாங்க, எனக்கு வடை மிச்சம் வைக்கச் சொல்லியிருக்கேன் :)

ஊருக்குப் போறப்ப முன்ன விட ஒண்ணரை மணி நேரம் கூட ஆகுது. சின்னசேலம் பக்கம் அந்த மீடியன் இடைவெளி வந்தா தானா கை ஆக்சிலேட்டரை விட்டுடுது. அந்தப் பெரியவரை மறுபடி பார்க்கல. வேற யாராவது பால் கேனோட நின்னுட்டு இருப்பாங்க. என்னைப் பார்ப்பாங்க, கணக்குப் போடுவாங்க, நிதானமா தாண்டிப் போவாங்க.

புது வண்டியை.. சரி, பழைய வண்டியை முதல் தடவை வீட்டு வாசல்ல நிறுத்தினப்ப தெருவுல ஒருத்தர் கூட வந்து எட்டிப் பார்க்கல. அப்பா மட்டும் துண்டால கையைத் தொடச்சிக்கிட்டே வந்தார். ஒரு சுத்து சுத்திப் பார்த்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"அறுபது குடுக்குதுப்பா."

"ம்ம்.. இது வண்டி"ன்னுட்டு, கடையில இருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வந்து டயர்ல வச்சார்.

பி.கு: சின்ன வண்டிதானேன்னு ஹெல்மெட்டை வீட்ல வச்சிட்டுப் போகாதீங்க மக்களே. தலை எல்லா வண்டியிலயும் ஒரே சைஸ்தான்.